எட்டுக் குழாயும் ஒரு கேரம் டப்பாவும்

வீரபாண்டியின் மிஷினில் மட்டும் நார் அறுவதில்லை. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கும் அந்தத் தொழிற்கூடத்துக்குள் நுழைந்து யாரை விசாரித்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நான்கு பின்னல் மிஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நார் சுற்றிய நாற்பத்தெட்டு பாபின்கள் ஒன்றையொன்று சுற்றி ஓடி, நடுவில் இருக்கும் கிராஃபைட் கம்பியின் மேல் கறுப்பு நாரைப் பின்னிக்கொண்டே போகும். நார் என்றதும் தேங்காய் நார், வாழை நார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிலிக்கான் கார்பைடு. ஆயிரம் டிகிரி சூட்டில் போட்டாலும் அசையாது. கொஞ்சம் முரட்டுத்தனமாக மடக்கிவிட்டால் பட்டென்று முறிந்துவிடும். சூட்டைத் தாங்கிவிட்டு ஒரு சுடுசொல்லைத் தாங்காத மனிதர்கள் இல்லையா, அந்த ரகம்.

மற்ற மூன்று மிஷின்களும் ஒரு ஷிஃப்டுக்கு ஏழெட்டுத் தடவை நார் அறுந்து நிற்கும். வீரபாண்டியின் மிஷின் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டு மணி அடித்தால்தான் நிற்கும். கைராசி என்றார்கள். அவனும் மறுக்கவில்லை. ஆள் உசிலம்பட்டிப் பக்கம். தானாக வருகிற புகழை வாசலில் நிறுத்தி வைக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

பின்னி முடித்த குழாய் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் ஃபர்னஸுக்குப் போகும். அங்கே பன்னீர்செல்வத்தின் ராஜ்ஜியம். மன்னார்குடிக்காரன். குழாயை உள்ளே வைத்து மூடி, சூட்டை ஏற்றி, பதினைந்து நாள் விடாமல் ஒரு வாயுவைச் செலுத்துவான். அது நார்களின் இடுக்கெல்லாம் புகுந்து அங்கேயே பீங்கானாக உறைந்துவிடும். உள்ளே போகும்போது துணி மாதிரி தொளதொளவென்று இருந்தது, வெளியே வரும்போது தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அதிகச் சூட்டில் ஓடும் அணு உலைக்குள் எரிபொருளுக்கு உறையாக இந்தக் குழாயைப் போடலாமா என்று வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று சோதித்துப் பார்க்கிறது. முதலில் எட்டுக் குழாய் கேட்டிருந்தார்கள். எட்டையும் வீரபாண்டியின் மிஷினில்தான் பின்ன வேண்டும் என்று மேனேஜர் கலீலுர் ரஹ்மான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கைராசி அப்படி.

வீரபாண்டியும் பன்னீரும் முவைலா தொழிலாளர் கேம்பில் ஒரே ரூம். அந்த ரூமின் நடுவில், கட்டில்களைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, ஒரு கேரம் போர்டு கிடக்கும். வருடத்துக்கு ஒரு முறை கேம்ப் கப் நடக்கும். மூன்று வருடமாக ஃபைனலில் மோதுவது இவர்கள் இரண்டு பேர்தான். மூன்று வருடமும் ஜெயித்தது பன்னீர்தான். வீரபாண்டிக்கு வாழ்க்கையில் வேறு பெரிய குறை எதுவும் இல்லை. இந்த ஒன்றுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. நாலாவது ஃபைனலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"ஒரு டப்பா பவுடரு முன்னல்லாம் ஒரு மாசம் வரும்டா. இப்ப பத்து நாள்ல காலி. எவனோ அடிக்கிறான்" என்று பன்னீர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே புலம்புவான்.

"பக்கத்து ரூம்காரய்ங்களா இருக்கும்" என்பான் வீரபாண்டி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அடித்தது அவனேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவன் மிஷினில் நார் ஒன்பது தடவை அறுந்தது. ஒவ்வொரு பாபினிலிருந்தும் நார் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்துதான் வெளியே வரும். அந்த வளையத்தில் உரசித்தான் அறுகிறது என்பதைக் கண்டுபிடித்தான். காய்ந்த போர்டில் காய் மக்கர் பண்ணினால் என்ன செய்வோம்? மறுநாள் ஒரு மாத்திரைக் குப்பியில் கொஞ்சம் கேரம் பவுடரை எடுத்துப் போய், யாரும் பார்க்காதபோது ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சிட்டிகை தூவினான். நார் வெண்ணெயில் ஓடுவது போல் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. பிரியாணி மாஸ்டர் மசாலாவில் என்ன போடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிகிறார்?

அந்தத் திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார் கலீலுர் ரஹ்மான். கையில் இருந்த காகிதத்தைவிட அவர் முகம் வெளுத்திருந்தது.

"எட்டுக் குழாய் அனுப்பினோம். ஏழு குழாயத் திருப்பிட்டாங்க. அஞ்சாவது மட்டும்தான் பாஸ். மத்த ஏழுலயும் போரான் இருக்காம். சுகிர்தராணி மேடம் சோதிச்சதுலயும் அதேதான்."

சுகிர்தராணி அங்கே லேப் பொறுப்பாளர். குளச்சல் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். சுத்தம் என்றால் உயிரையும் விடுவார். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு யாரும் பின்னல் ஹாலுக்குள் வரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான்.

"அணு உலை எரியுறதே நியூட்ரானாலதான். போரான் அந்த நியூட்ரானத் தின்னுரும்" என்றார் அவர். "அடுப்ப மூட்டுறதுக்கு ஈர விறகக் குடுத்தா எப்பிடி இருக்கும்? அப்பிடி. துளி இருந்தாலும் அவங்க எடுக்க மாட்டாங்க, கேட்டியளா."

போரான் எங்கிருந்து வந்தது? வாயுவைச் சோதித்தாயிற்று, சுத்தம். கிராஃபைட் சுத்தம். பாபினில் இருந்த நாரும் சுத்தம். பின்னலில் ஒரு பிசிறுகூட இல்லை, வீரபாண்டி பின்னியது. அதை யார் சந்தேகப்படுவார்கள்? மிஞ்சியது ஃபர்னஸ். பன்னீர் தை மாதத்தில் அதன் உள்சுவர்ப் பலகையை மாற்றியிருந்தான். வாயால் கேட்டுவிட்டுத்தான் மாற்றினான். ஆனால் காகிதத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அந்தப் பலகையிலிருந்துதான் போரான் வந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார் கலீலுர் ரஹ்மான். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது. "இன்னும் ஒரு குழாய்க்குத்தான் டைம் தந்திருக்காங்க. ஜுபைல்ல இருந்து வேற ஃபர்னஸ் ஆள் வாரார். பன்னீர், நீங்க வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புற மாதிரி இருக்கும்."

பன்னீர் கையுறையைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் நின்ற வீரபாண்டிக்கு மேனேஜர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வேலைக்காரனை இப்படியா அனுப்புவது என்று அன்று பூராவும் மிஷினிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். முணுமுணுத்துக்கொண்டே வளையத்தில் பவுடரும் தூவினான்.

புதன்கிழமை மதியம் பின்னல் பதிவேட்டில் கையெழுத்துப் போட லேபுக்குப் போனான். சுவரில் சுகிர்தராணி ஒரு படம் ஒட்டி வைத்திருந்தார். போரானின் அளவைக் காட்ட, எட்டுக் குழாய்க்கு எட்டுக் கோடு. ஏழு கோடு பனை மரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. ஐந்தாவது மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. கீழே பின்னிய தேதி எழுதியிருந்தது.

வீரபாண்டி அந்தத் தேதியையே பார்த்தான். தேதிகளை நினைவில் வைக்கிற ஆள் இல்லை அவன். ஆனால் அந்த வாரத்தை மறக்க முடியாது. டப்பா காலியாகி, அல் குசைஸ் கடையிலும் சரக்கு வராமல், ரூமில் ஆட்டமே நின்றுபோன வாரம். மாத்திரைக் குப்பியும் காலி. ஒரே ஷிஃப்டில் பதினோரு தடவை நார் அறுந்தது. கைராசிக்காரனுக்கு என்னமோ ஆகிவிட்டது, காய்ச்சலாக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பன்னீர் அதை நம்பி, டியூட்டி முடிந்து வந்த களைப்போடு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தான். வீரபாண்டியும் வெட்கமில்லாமல் இரண்டு டம்ளர் குடித்தான்.

அந்த வாரத்துக் குழாய்தான் சுத்தம்.

பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து கழிவறைச் சுவரில் சாய்ந்துகொண்டான். மனசு உடனே ஒரு வழி சொன்னது. மனசு எப்போதும் சுலபமான வழியைத்தான் முதலில் சொல்லும். பேசாமல் பவுடரை நிறுத்திவிடு. அடுத்த குழாய் சுத்தமாக வரும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பன்னீர் போகிறான், உடனே குழாய் சுத்தமாகிறது. ஊர் என்ன சொல்லும்? பார்த்தாயா, அவன்தான் கெடுத்திருக்கிறான் என்று சொல்லும். வீரபாண்டி எவ்வளவு சுத்தமாகப் பின்னுகிறானோ அவ்வளவுக்கு பன்னீர் குற்றவாளியாவான்.

சாயங்காலம் ரூமில் பன்னீர் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கேம்பில் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இந்த வருசம் கப்பு ஆடாமலே உங்களுக்குத்தான்" என்று வீரபாண்டிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாழ்த்து காதில் விழுந்தபோது அவனுக்குக் காதைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது.

"கப்ப வாங்குனதும் நல்லா தொடைச்சு வையிடா. மூணு வருசமா என் கையில இருந்து பழகுன கப்பு, வேற கை பட்டா கறுத்துப்புடும்" என்று பன்னீர் சிரித்தான். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணுதான் மாப்ள மனசுக்கு ஆவல. தப்பு பண்ணிட்டுப் போனா சரி, பண்ணோம், போறோம்னு இருக்கும். என்ன தப்பு பண்ணேன்னே தெரியாமப் போறேன் பாத்தியா."

"டீ வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்து போன வீரபாண்டி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது கையில் டீ இல்லை.

மறுநாள் காலை, சுகிர்தராணி லேபைத் திறப்பதற்கு முன்பே அவன் வாசலில் நின்றான். கையில் கேரம் பவுடர் டப்பா.

"எதுக்கு வந்திய வீரபாண்டி? ஒடம்புக்கு முடியலியா?"

"மேடம், இதுல போரான் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் டப்பாவைத் திருப்பி, எறும்பு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கான்னா கேக்குதிய? இதுல வேற என்ன இருக்குன்னு கேளுங்க! முழுசும் போரிக் ஆசிட்லா. இது எங்க இருந்தது?"

"என் மிஷின்ல."

"முகத்துக்குப் பவுடர் போடக் கூடாதுன்னு அத்தாம் பெரிய நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்கேனே!"

"முகத்துக்குப் போடல மேடம். வளையத்துக்குத்தான் போட்டேன்."

சுகிர்தராணி நேராகப் பின்னல் ஹால் குப்பைத் தொட்டியிடம் போனார். அந்த வாரம் வீரபாண்டியின் மிஷினிலிருந்து வெட்டி எறிந்த பின்னல் நுனி ஒன்று அதில் கிடந்தது. சூட்டையே பார்க்காத துண்டு. அதை இடுக்கியால் எடுத்துச் சோதனைக்குப் போட்டார். பதினொரு மணிக்கு முடிவு வந்தது. போரான் போதும் போதும் என்கிற அளவுக்கு இருந்தது. ஃபர்னஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கலீலுர் ரஹ்மான் வந்தார். பன்னீரையும் கூப்பிட்டார்கள். ஊருக்குப் போகிற புதுச்சட்டையோடு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி வீரபாண்டி எல்லாவற்றையும் சொன்னான். குப்பி, சிட்டிகை, காலியான வாரம், ரசம், நேற்றைய படம்.

"யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்தார் மேனேஜர். "போரான் எங்க எங்கன்னு ஒரு மாசமாத் தேடுறோம். கேஸ் கம்பெனிக்காரனத் திட்டியாச்சு, கிராஃபைட் கம்பெனிக்காரனத் திட்டியாச்சு. கடைசியில கேரம் பவுடரா? இத நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதுவேன்?"

"உள்ளபடி எழுதணும்" என்றார் சுகிர்தராணி.

எல்லோரும் பன்னீரைப் பார்த்தார்கள். அடிப்பானா, அழுவானா என்று தெரியவில்லை. அவன் வீரபாண்டியை உற்றுப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அடிதான் விழப்போகிறது என்று வீரபாண்டி கன்னத்தைத் தயார் செய்துகொண்டான்.

"அப்ப டப்பாவக் காலி பண்ணது நீதானா?"

"ஆமாடா."

"எல்லாம் மிஷினுக்கா? நீ எங்கிட்டாவது ஒளிஞ்சு ஒளிஞ்சு பிராக்டிஸ் பண்றேன்னுல்ல நெனச்சேன்! ஃபைனல்ல என்னைய முடிச்சுவுடத்தான் பவுடர அள்ளிட்டுப் போறேன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லடா பாவி!"

முதலில் சிரித்தது மேனேஜர்தான். சிரித்த பிறகுதான் தான் கோபமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பன்னீரின் பயணத்தை அங்கேயே ரத்து செய்தார். அவன் கையைப் பிடித்து, "தப்பு என் பேர்லதான் பன்னீர், விசாரிக்காம முடிவெடுத்துட்டேன்" என்றார். பிறகு வீரபாண்டியிடம் திரும்பினார். "ஒம்பதாவது குழாய நீங்கதான் பின்னணும். பவுடர் இல்லாம. அதுவும் போச்சுன்னா பின்னல் பக்கமே உங்களுக்கு வேலை இல்ல, ஸ்டோருக்குப் போயிரணும்."

வார்னிங் லெட்டரிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் கேரம் என்று எழுதப்பட்ட ஒரே வார்னிங் லெட்டர் வளைகுடாவிலேயே அதுவாகத்தான் இருக்கும்.

மிஷினைப் பிரித்து, கழுவி, புதுப் பாபின் போட்டுத் தொடங்கினால், முதல் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை நார் அறுந்தது. பக்கத்து மிஷின்காரர்கள் பாவம் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வீரபாண்டிக்கு அழுகை வந்தது. கைராசி எல்லாம் டப்பாவில்தான் இருந்ததா? கையில் ஒன்றுமே இல்லையா?

டியூட்டி முடிந்து பன்னீர் வந்து பக்கத்தில் குந்தினான். "எதுல ஒரசுது? காட்டு."

இரண்டு பேரும் லேபிலிருந்து கடன் வாங்கிய பூதக்கண்ணாடியால் வளையத்தைப் பார்த்தார்கள். நார் ஓடி ஓடி, வளையத்தின் ஒரு பக்கத்தில் தலைமயிர் கனத்துக்குப் பள்ளமாகக் காடி விழுந்திருந்தது. அந்தக் காடியின் விளிம்புதான் நாரை அறுத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகப் பவுடர் அதைச் சரி செய்யவில்லை, மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்பறம் என்னடா? வளையத்தக் கால் சுத்து திருப்பி வுடு. புதுப் பக்கம் வரும்ல."

நாற்பத்தெட்டு வளையத்தையும் திருப்பினார்கள். பன்னீர் திருகைத் தளர்த்த, வீரபாண்டி திருப்ப, பன்னீர் இறுக்க. மறுநாள் மிஷினின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான் வீரபாண்டி. அறுந்த பிறகு ஓடுவதை விட்டு, அறுவதற்கு முன்பே நாரின் ஓட்டத்தை விரல் நுனியால் பார்க்கப் பழகினான். அன்று இரண்டு தடவை அறுந்தது. அதற்கு மறுநாள் ஒரு தடவை. குழாய் முடிந்ததும் தானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் ஃபர்னஸ் வாசலில் கொடுத்தான். பிறந்த பிள்ளையை வாங்குவது போல் பன்னீர் அதை வாங்கிக்கொண்டான்.

ஃபைனலைத் தள்ளிவைக்கச் சொன்னது பன்னீர்தான். குழாய் முடிவு தெரியாமல் ஆடினால் இவன் கை நடுங்கும், அப்புறம் ஜெயித்தும் எனக்கு மரியாதை இல்லை என்றான். பதினெட்டாம் நாள் சுகிர்தராணி படத்தில் ஒன்பதாவது கோடு போட்டார். போட்டார் என்று சொல்வதுகூடத் தப்பு. போடுவதற்குக் கோடே இல்லை, தரையோடு கிடந்தது. குழாய் வெளிநாட்டுக்குப் போயிற்று. பாஸ் என்று பதில் வந்தது. பதிலின் அடியில் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். கேரம் என்றால் என்ன, அதை எப்படி விளையாடுவது என்று விளக்கி எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கலீலுர் ரஹ்மான் அதைப் படித்துவிட்டு மறுபடி தலையில் கை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முவைலா கேம்பில் ஃபைனல். பழைய பவுடர் இனி ரூமுக்குள்ளேயே வரக் கூடாது என்பது சுகிர்தராணியின் சட்டம். சட்டத்தைக் காவல் காக்க அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போர்டில் மளிகைக்கடைச் சோளமாவு தூவியிருந்தது. காய்கள் தூக்கக் கலக்கத்தில் நடப்பது போல் நகர்ந்தன. வேகமாக அடித்தே பழகிய பன்னீர் திணறினான். வீரபாண்டிக்கோ இத்தனை நாளாக மெதுவாக ஓடுவதை விரலால் பார்த்துப் பார்த்துக் கை அடங்கிப்போயிருந்தது. சிவப்பு ரெட் காயைக் குழியில் போட்டான். அதை உறுதியாக்கும் ஃபாலோவுக்கு ஒரே ஒரு வெள்ளைக்காய், எதிர் மூலைக்குப் பக்கத்தில் சண்டித்தனமாக உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரைக்கரை அடிக்கவில்லை, தள்ளினான் என்றுதான் சொல்ல வேண்டும். காய் போனது. நின்றுவிடுமோ என்று கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஓட்டையின் விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

கேம்பே கத்தியது. கப்பைக் கொண்டு வந்து கையில் கொடுத்தார்கள். மூன்று வருட முள் அப்போதுதான் இறங்கியது.

"சோளமாவுல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று பன்னீர் பொருமினான். பிறகு கப்பைத் தொட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஏன்டா, அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இது ஆடாமலே வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்" என்றான் வீரபாண்டி. கப்பைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராக ஆட்டினான். "வந்து? யாருகிட்டடா காட்டி வெறுப்பேத்துறது? நீதான் மன்னார்குடில இருந்திருப்பியே."

பன்னீர் கப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு, காய்களை நடுவில் கூட்டி அடுக்க ஆரம்பித்தான்.